தீயும் ஊரும்: தீயணைப்பு வட்டாரங்களின் வரலாறு

நெருப்புக்கு வேலி தெரியாது. ஒரு வளவிற் பற்றிய தீ அடுத்த வளவை நாடுங்கால், அதன் உடைமையாளர் செல்வரோ வறியரோ, அயலவரோடு உறவுடையவரோ பகையுடையவரோ என்று வினவுவதில்லை. கள்வனுக்கு அஞ்சுபவன் தன் கதவைத் தாழிட்டு ஓரளவு காவல் பெறலாம். தீக்கு அஞ்சுபவன் தன் வீட்டை மட்டும் காத்துத் தப்புதல் அரிது. அயலவன் கூரை காக்கப்படும்போதே அவன் கூரையும் காக்கப்படுகின்றது. ஆகவே தீயணைத்தல் என்பது ஊரவர் அனைவரையும் ஒன்றாகப் பிணிக்கும் பணியாகும். ஆயினும், பொதுவான இப்பணிக்கு வேண்டிய பொருளைத் தருவோர் யார், எந்த அளவுகோல் கொண்டு தருவது, தந்த பொருளைக் கையாளும் அதிகாரம் எவரிடம் இருத்தல் வேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கும் மனித சமுதாயம் எளிதில் விடை கண்டதில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்களில் வழங்கும் தீயணைப்பு வட்டாரம் என்னும் அமைப்பு இவ்வினாக்களுக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்றாகும். பெரும்பாலும் மாநகர எல்லைக்கு வெளியே வாழும் மக்கள் தமக்கென ஓர் எல்லையை வகுத்து, அதற்குள் அமைந்த வீடுகளின்மீதும் நிலங்களின்மீதும் தாமே வரி சுமத்தி, அவ்வரியைச் செலவிடுவோரைத் தாமே தெரிந்தெடுத்து நடத்தும் சிறியதோர் ஆட்சிமன்றம் அது. பாடசாலையோ வீதியோ காவற்றுறையோ அதன் பொறுப்பில் இல்லை. தீயணைத்தலும் அதனோடு சார்ந்த உயிர்காப்புப் பணிகளுமே அதன் கடமை. இவ்வமைப்பின் சிறப்பையும் குறையையும் உணர வேண்டின், அதற்கு முன்னர் மேற்குலகம் கடந்துவந்த வழிகளை முதலில் நோக்குதல் தகும்.

உரோமர் கண்ட வழி

குடியரசுக் காலத்தின் இறுதியில் உரோம நகரம் மரச்சட்டங்களாலான பல மாடி வீடுகள் நெருங்கி நின்ற ஒடுங்கிய தெருக்களை உடையதாயிருந்தது. தீ அந்நகருக்குப் புதிதன்று. அந்நிலையைத் தம் செல்வத்திற்கு வாய்ப்பாக்கிக் கொண்டவர் கிராசசு என்னும் பெருந்தனவந்தர். எரியும் வீட்டையும் அதன் அயலிலுள்ள வீடுகளையும், உடைமையாளர் அச்சத்தால் அற்ப விலைக்கு விற்க முன்வரும் வேளையில் வாங்கிக் குவித்தே அவர் நகரின் பெரும் பகுதிக்கு உரியவரானார் என்று புளூட்டாக்கு எழுதியுள்ளார். பொதுக் காவல் இல்லாதவிடத்துப் பிறர் துன்பம் ஒருவரின் வாணிகமாவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கி. பி. 6ஆம் ஆண்டில் அகத்தசுப் பேரரசர் இக்குறையை நீக்க முற்பட்டார். விடுதலை பெற்ற அடிமைகளைக் கொண்ட ஏழு காவற்படைகளை அவர் நிறுவினார். நகரின் பதினான்கு பகுதிகளுள் இரண்டிரண்டு பகுதிகள் ஒவ்வொரு படையின் பொறுப்பிலும் விடப்பட்டன. அடிமை விற்பனையின் மீது விதிக்கப்பட்ட வரி இப்படைகளின் செலவை ஈடுசெய்தது. அமைப்பு வலியதாயினும் அது பேரரசரின் படையேயன்றி ஊரவரின் படையன்று. ஊரவர் தாமே கூடித் தம்மைக் காத்தலைப் பேரரசு விரும்பவுமில்லை. கி. பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பித்தினிய நாட்டை ஆண்ட பிளினி, நிக்கொமீடியா நகரிற் பெருந்தீ மூண்டபோது மக்கள் கைகட்டி நின்றதை அறிந்து, நூற்றைம்பது பேர் கொண்ட ஒரு தீயணைப்புச் சங்கத்தை நிறுவ இசைவு வேண்டித் திராயன் பேரரசருக்கு முடங்கல் விடுத்தார். பேரரசர் மறுத்துவிட்டார். எப்பெயரால் மக்கள் கூடினும் அக்கூட்டம் நாளடைவில் அரசியற் கழகமாக மாறும் என்பதே அவரின் அச்சம். கருவிகளைச் சேர்த்து வைத்து, வேண்டும்போது வீட்டுடைமையாளரைக் கொண்டு பயன்படுத்துக என்பதே அவர் கூறிய மாற்றுவழி. தீயினும் கொடியதாக மக்களின் கூட்டுறவை ஓர் அரசு கருதியமை வரலாற்று மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது.

இலண்டனும் காப்புறுதியும்

1666ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 2ஆம் நாள் இலண்டனில் மூண்ட பெருந்தீ நான்கு நாள்களில் ஏறத்தாழ 13,200 வீடுகளையும் 87 கோவிற்பற்றுத் தேவாலயங்களையும் அழித்தது. வீடிழந்தோர்க்கு நட்டஈடு தருவதற்கு அக்காலத்தில் எவ்வித ஏற்பாடும் இருக்கவில்லை. இந்த இழப்பிலிருந்தே தீக்காப்புறுதி என்னும் தொழில் பிறந்தது. 1680ஆம் ஆண்டையொட்டி நிக்கலசு பாபன் முதலானோர் அதற்கான நிலையத்தை அமைத்தனர். பின்னர் வேறு பல நிறுவனங்களும் தோன்றின. காப்புறுதி செய்த வீட்டின் முகப்பில் ஒவ்வொரு நிறுவனமும் தன் சின்னம் பொறித்த உலோகத் தகட்டைப் பதித்தது. எரிந்த வீட்டுக்கு நட்டஈடு கொடுப்பதினும் எரியாமற் காப்பது மலிவு என்பதை உணர்ந்த நிறுவனங்கள் தத்தமக்கெனத் தீயணைப்புக் குழுக்களையும் வைத்திருந்தன. தகடு இல்லாத வீட்டை இக்குழுக்கள் எரியவிட்டுப் பார்த்து நின்றன என்ற கதை பரவலாக வழங்குகின்றது. அதற்குத் தக்க சான்று இல்லையென்பர் ஆய்வாளர். அயல் வீட்டுத் தீயை அணைக்காவிடின் தகடுள்ள வீட்டைக் காக்க இயலாது என்பதனை எண்ணிப் பார்ப்பின் ஆய்வாளர் கூற்றே பொருத்தமாகத் தோன்றும்.

அரசும் இத்துறையில் வாளாவிருக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றப்பட்ட சட்டமொன்று ஒவ்வொரு கோவிற்பற்றும் தீயணைப்புப் பொறிகளை வைத்திருத்தல் வேண்டுமென விதித்தது. தீ மூண்ட இடத்திற்கு முதலில் வந்துசேரும் பொறிக்கு முப்பது சிலிங் பரிசும் அச்சட்டத்தால் வகுக்கப்பட்டது. ஆயினும் இப்பொறிகளுட் பல கவனிப்பாரற்றுப் பழுதடைந்தன. உண்மையான காவல் காப்புறுதி நிறுவனங்களிடமே தங்கியிருந்தது. 1824ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் பிரித்தானியாவின் முதலாவது நகரத் தீயணைப்புப் படையைச் சீரமைத்து நடத்திய யேம்சு பிரெய்டுவூட்டு, 1833இல் இலண்டன் நிறுவனங்கள் பல ஒன்றிணைந்து அமைத்த படையின் தலைமையை ஏற்றார்.

1861ஆம் ஆண்டு யூன் மாதம் 22ஆம் நாள் தேம்சு நதிக்கரையிலுள்ள தூலித் தெருப் பண்டகசாலைகளிற் பெருந்தீ மூண்டது. பிரெய்டுவூட்டு இடிந்து வீழ்ந்த சுவரின் கீழ் அகப்பட்டு மாண்டார். காப்புறுதி நிறுவனங்களின் இழப்பு அளவிறந்ததாயிற்று. ஒரு மாநகரம் முழுவதையும் காக்கும் சுமையை இனித் தாம் தாங்க இயலாதென அவை அரசுக்கு அறிவித்தன. அதன் பயனாக 1865ஆம் ஆண்டில் மாநகரத் தீயணைப்புப் படைச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் வகுத்த நிதிமுறை கவனத்திற்குரியது. ஆதனங்களின் ஆண்டு மதிப்பிற் பவுண் ஒன்றுக்கு அரைப்பென்னி வரி ஊரவரிடமிருந்து பெறப்பட்டது. காப்புறுதி செய்யப்பட்ட ஒவ்வொரு பத்து இலட்சம் பவுணுக்கும் முப்பத்தைந்து பவுண் வீதம் நிறுவனங்கள் செலுத்தின. அரச கட்டடங்களின் பொருட்டுத் திறைசேரி ஆண்டுக்குப் பதினாயிரம் பவுண் வழங்கியது. நன்மை பெறுவோர் மூவரும் செலவைப் பகிர்ந்துகொண்டனர். சந்தாக் கட்டியவர்க்குரிய காவல் ஊரவர் யாவர்க்கும் உரிய காவலாக மாறிய திருப்பம் இதுவே.

தோல் வாளியும் தொண்டர் குழுவும்

அமெரிக்கக் குடியேற்றங்களில் வரலாறு வேறு தடத்திற் சென்றது. மரம் மலிந்த நாட்டில் வீடும் மரம், புகைபோக்கியும் மரம் என்ற நிலை. இன்றைய நியூ யோர்க்கு ஒல்லாந்தரின் ஆட்சியில் நியூ அம்சுரடாம் எனப் பெயர் பெற்றிருந்த காலத்தில், 1648ஆம் ஆண்டில், ஆளுநர் பீற்றர் சுரைவசன்று தீக்காவலரை நியமித்தார். புகைபோக்கியைத் துப்புரவாக வைத்திராதவரிடம் அவர்கள் தண்டப்பணம் அறவிட்டனர். அப்பணம் வாளிகளும் ஏணிகளும் கொக்கிகளும் வாங்கப் பயன்பட்டது. கவலையீனமாக இருந்தவனின் பணமே ஊரின் காவலுக்கு முதலாயிற்று.

பிலடெல்பியா நகரில் 1736ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் பெஞ்சமின் பிராங்கிளின் நண்பர் சிலரோடு கூடி நிறுவிய ஐக்கியத் தீயணைப்புக் கழகம் தொண்டர் குழுக்களுக்கு முன்மாதிரியாக அமைந்தது. உறுப்பினர் தொகை முப்பது என வரையறுக்கப்பட்டது. ஒவ்வொருவரும் தம் செலவில் தோல் வாளிகளையும், எரியும் வீட்டிலிருந்து பொருள்களை எடுத்துச் செல்லுதற்கான பைகளையும் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும். திங்கட்கூட்டத்துக்கு வாராதவர் சிறு தண்டம் செலுத்தினர். அத்தண்டமே திரண்டு பொறிகளும் ஏணிகளும் வாங்க உதவியது. மேலும் பலர் சேர விரும்பியபோது, ஒரே கழகத்தைப் பெருக்காது தத்தம் பகுதியிற் புதிய கழகங்களை அமைக்குமாறு பிராங்கிளின் ஊக்கினார். இவ்வாறு நகர் முழுவதும் கழகங்கள் பரவின. திராயன் அஞ்சிய அதே கூட்டுறவு இங்கே குடியாட்சிப் பயிற்சிக்கூடமாய் அமைந்தது.

ஆனால் திராயனின் அச்சம் முற்றிலும் பொய்த்துவிட்டதென்றும் கூறல் இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பெருநகரத் தொண்டர் குழுக்களிடையே போட்டி முற்றியது. தண்ணீர்க் குழாயை யார் முதலிற் பற்றுவது என்ற பிணக்கில் வீடு எரிய வீதியிற் கைகலப்பு நிகழ்ந்ததுண்டு. நியூ யோர்க்கு நகர அரசியலில் ஊழலுக்குப் பெயர்போன வில்லியம் துவீடு பொதுவாழ்வில் ஏறிய முதற்படி ஒரு தீயணைப்புக் குழுவின் தலைமையே. நீராவிப் பொறியின் வருகை இந்நிலையை மாற்றியது. நூறு கைகள் செய்த வேலையைச் சில கைகள் செய்யத் தொடங்கவே, சம்பளம் பெறும் படையை வைத்திருத்தல் நகரங்களுக்கு இயல்வதாயிற்று. 1853இல் சின்சினாற்றி நகரும் 1865இல் நியூ யோர்க்கு நகரும் அவ்வழியை மேற்கொண்டன.

வட்டாரத்தின் தோற்றம்

நகரங்கள் இவ்வாறு காவல் பெற்றபோது நாட்டுப்புறம் பின்தங்கியது. 1871ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 8ஆம் நாளிரவு சிக்காகோ நகரிற் பற்றிய தீ ஏறத்தாழ முந்நூறு உயிர்களையும் 17,000க்கு மேற்பட்ட கட்டடங்களையும் கவர்ந்தது. அத்தீயை உலகம் அறியும். அதே இரவில் விசுக்கொன்சின் மாநிலத்துக் காட்டோரச் சிற்றூராகிய பெசுற்றிகோவிலும் அதன் அயலிலும் மூண்ட தீயில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அமெரிக்க வரலாற்றில் மிகுதியான உயிர்களைக் கொண்ட தீ அதுவேயாயினும் அதனை அறிந்தோர் சிலரே. மாநகர சபை ஆதனவரி கொண்டு படை வைத்திருக்கலாம். மாநகர சபையே இல்லாத ஊரவர் என் செய்வர்?

இவ்வினாவிற்குப் புதிய இங்கிலாந்து மாநிலங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விடை தேடின. ஊரின் ஒரு பகுதி மக்கள் மட்டும் கூடித் தமக்கெனத் தீயணைப்பு வட்டாரமொன்றை அமைத்து வரி திரட்டச் சட்டம் இடந்தந்தது. தீயணைக்கத் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்குக் குழாய் வேண்டும். ஆதலின் வேர்மன்று போன்ற மாநிலங்களில் இவ்வட்டாரங்கள் குடிநீர் வழங்கும் பணியையும் ஏற்றன. மேற்குக் கரையிலும் நியூ யோர்க்கு மாநிலத்தின் நாட்டுப்புறத்திலும் இருபதாம் நூற்றாண்டில் இவ்வமைப்பு விரிவாகப் பரவியது. மோட்டார்ப் பொறி வந்தபின் ஒரு நிலையத்திலிருந்து பல கல் தூரம் விரைந்து செல்லல் கைகூடியது. நகரத்தையொட்டிய தோட்ட நிலங்களில் வீடுகளும் பெருகின. வாஷிங்டன் மாநிலத்தில் 1939ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வட்டாரங்களுக்கு அடித்தளமிட்டது.

வட்டாரம் மேலிருந்து சுமத்தப்படுவதன்று. வாஷிங்டன் மாநில முறைப்படி, காவல் வேண்டும் மக்கள் கையொப்பமிட்டு மனுச் செய்தல் வேண்டும். எல்லை ஆராயப்பட்டு, பொது விசாரணை நடைபெற்று, ஈற்றில் அவ்வெல்லைக்குள் வாழ்வோரின் வாக்கினாலேயே வட்டாரம் நிறுவப்படும். அதன்பின் மூவரோ ஐவரோ ஆணையாளராகத் தெரிவு செய்யப்பட்டு ஆறாண்டுகள் பதவி வகிப்பர். நியூ யோர்க்கு மாநிலத்தில் ஆணையாளர் ஐவர்; ஆண்டுக்கொருவராக ஐந்தாண்டுப் பதவிக்குத் தெரியப்படுவர். அவர்கள் கமக்காரராகவோ கடைக்காரராகவோ இளைப்பாறிய ஆசிரியராகவோ இருக்கலாம். பொறி வாங்குவதும் நிலையம் அமைப்பதும் தலைமை அலுவலரை நியமிப்பதும் அவர்களின் பொறுப்பு. ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தை ஊரவர் முன் வைத்து அவர்தம் வினாக்களுக்கு விடையிறுத்தலும் அவர்தம் கடன்.

வரியும் வாக்கும்

வட்டாரத்தின் வருவாயிற் பெரும்பகுதி ஆதனவரியே. யாழ்ப்பாணத்தார் சோலைவரி என வழங்குவதோடு ஒப்பிடத்தக்கது. வாஷிங்டன் மாநிலத்தில் ஆதன மதிப்பு ஆயிரம் டொலருக்கு ஒன்றரை டொலர் என்பது வட்டாரத்தின் வழக்கமான வரிக்கு மேலெல்லை. மூன்று இலட்சம் டொலர் மதிப்புள்ள வீட்டுக்கு அவ்வீதப்படி ஆண்டொன்றுக்கு 450 டொலர் இறுக்க வேண்டியிருக்கும். அவசர மருத்துவப் பணிக்கு ஆயிரத்துக்கு ஐம்பது சதம் வரை தனிவரி பெற வாக்காளரிடம் இசைவு கேட்கலாம். கட்டடத்தின் பரப்பையும் தீயபாயத்தையும் கணக்கிட்டு விதிக்கும் நன்மைக் கட்டணம் என்னும் வேறொரு முறையும் உண்டு. அதனை முதன்முறை விதிப்பதற்கு நூற்றுக்கு அறுபது வீத வாக்கு வேண்டும். நிலையம் கட்டுதற்கும் பொறி வாங்குதற்கும் கடன்முறி வெளியிடுவதாயின் அதற்கும் அறுபது வீதம் வேண்டும்.

இவ்வரிமுறையின் உட்பொருள் எளியது. தீயால் அழியக்கூடிய உடைமையின் மதிப்பே வரியின் அளவுகோல். மிகுதியாக இழக்கக்கூடியவர் மிகுதியாகத் தருகின்றார். ஆனால் அழைப்பு வந்தபோது பெருவீட்டுக்கும் சிறுகுடிலுக்கும் ஒரே பொறியே விரைகின்றது. வரி செலுத்தியவன் அதற்கு ஈடாகப் பெறும் ஊதியம் ஒன்றும் உண்டு. 1904ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் பால்ற்றிமோர் நகரிற் பெருந்தீ மூண்டபோது அயல் நகரங்களிலிருந்து விரைந்து வந்த பொறிகள் பல, தம் குழாய் முனைகள் அந்நகரின் நீர்முனைகளுடன் பொருந்தாமையாற் செயலற்று நின்றன. அத்தகைய இழப்புகளின் பின் காப்புறுதியாளர் ஒவ்வோர் ஊரின் தீயணைப்பு ஆற்றலையும் அளந்து தரப்படுத்தத் தொடங்கினர். ஒன்று முதற் பத்து வரையான அத்தரவரிசையில் ஒன்று தலைசிறந்தது. பத்து என்பது காவல் இல்லை என்பதற்கு ஒப்பு. நிலையம் அண்மையில் இருப்பதும் நீர்வசதி செம்மையாய் இருப்பதும் வீட்டுக் காப்புறுதிக் கட்டணத்தைக் குறைக்க உதவும். ஆதலின் வட்டார வரியின் ஒரு பகுதி வேறு வழியில் ஊரவர் கைக்கே மீளுகின்றது எனலாம்.

பணத்தினும் பெரிய கொடை உழைப்பாகும். 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஐக்கிய அமெரிக்காவின் தீயணைப்போர் ஏறத்தாழப் பத்து இலட்சத்து நாற்பதினாயிரவர். அவர்களுள் நூற்றுக்கு அறுபத்தைந்து வீதத்தினர் தொண்டர். பகலில் வேறு தொழில் புரிந்து, அழைப்பொலி கேட்டதும் அதனை விட்டோடும் இவர்கள் இல்லையேற் சிறு வட்டாரங்கள் பலவற்றின் வரிச்சுமை மக்களால் தாங்கற்கரியதாகிவிடும். கேணல் பதவியோ பட்டமோ கருதாது நள்ளிரவில் அயலவன் வாசலில் நிற்கும் இம்மனிதர், வரிப்பட்டியலில் இடம்பெறாத ஒரு வரியைத் தம் உடலாற் செலுத்துகின்றனர். ஊர் மண்டபத்திற் காலை விருந்தளித்தும் விளையாட்டு நடத்தியும் சீட்டு விற்றும் அவர்கள் திரட்டும் பணம் சிறிதாயினும், வட்டாரம் எவருடையது என்பதை ஊரவர்க்கு நினைவூட்டும் ஆற்றல் அதற்குண்டு.

பணியின் இயல்பும் மாறிவிட்டது. 1980ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஏறத்தாழ முப்பது இலட்சம் தீவிபத்துகளும் ஆறாயிரத்து ஐந்நூறு மரணங்களும் நிகழ்ந்தன. 2020இல் தீவிபத்துகள் பதினான்கு இலட்சமாகவும் மரணங்கள் மூவாயிரத்து ஐந்நூறாகவும் குறைந்தன. புகையறி கருவியும் கட்டட விதிகளும் இதற்குப் பெரிதும் உதவின. இன்று நிலையத்துக்கு வரும் அழைப்புகளுள் மூன்றில் இரண்டு பங்களவு மருத்துவ உதவி வேண்டுவனவாம். மாரடைப்பும் வீதி விபத்தும் வெள்ளமும் தீயணைப்போரின் நாட்பணியாகிவிட்டன. தீக்கென நிறுவிய வட்டாரம் உயிருக்கே காவலாக விரிந்துள்ளது.

குறைகளும் சோதனைகளும்

இவ்வமைப்பிற்குக் குறைகள் இல்லாமலில்லை. முதலாவது, வரியின் எல்லை. கலிபோர்ணியாவில் 1978ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மக்கள் வாக்கினால் நிறைவேறிய பதின்மூன்றாம் பிரேரணை ஆதனவரியை மதிப்பின் ஒரு வீதத்துக்குள் அடக்கியது. தனிவரி விதிப்பதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்றும் வகுத்தது. ஒடுங்கிய வரி வருவாய் பழைய பங்கு விகிதப்படியே மன்றங்களுக்குப் பகிரப்பட்டது. அக்காலத்தில் தொண்டர்களைக் கொண்டு சிக்கனமாக நடந்து குறைந்த வரி பெற்ற வட்டாரங்கள், பின்னர் மக்கள் பெருகிச் சம்பளப் படை வேண்டியபோதும் அப்பழைய சிறு பங்கிலேயே கட்டுண்டன. அன்றைய சிக்கனம் பிற்காலத்திற்குத் தண்டமாயிற்று. வாஷிங்டன் மாநிலத்திலோ, புதிய கட்டடங்களால் வருவது நீங்கலாக, வரித்தொகை ஆண்டுக்கு ஒரு வீதத்துக்கு மேல் வளர்தல் இயலாது. பத்து இலட்சம் டொலர் பெற்ற வட்டாரம் மறு ஆண்டிற் பத்து இலட்சத்துப் பதினாயிரமே பெறும். எரிபொருளும் கருவியும் சம்பளமும் அவ்வீதத்துக்குள் அடங்கி ஏறுவதில்லை. ஆதலின் சில ஆண்டுகளுக்கொருமுறை ஆணையாளர் வாக்காளர் முன் சென்று வரியை உயர்த்த இசைவு வேண்டுகின்றனர். ஊரவர் மறுப்பின் நிலையங்களில் ஆள் குறையும். பழைய பொறி மேலும் சில ஆண்டு ஓடும்.

இரண்டாவது, வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும் செல்வநிலை. பெரு மாளிகைகள் நிறைந்த வட்டாரம் சிறு வீத வரியிலும் மிகுந்த பொருள் பெறும். காடும் கரம்பும் நிறைந்த வட்டாரம் உயர்ந்த வீதத்திலும் சிறிதே பெறும். தீயபாயமோ அங்கேதான் மிகுதி. அயல் வட்டாரங்கள் ஒன்றுக்கொன்று உதவும் உடன்படிக்கைகள் இவ்வேற்றுமையை ஓரளவு தணிக்கின்றன. வட்டாரங்களும் நகரங்களும் இணைந்து பெரியதொரு தீயணைப்பு மன்றமாக இயங்க 2004ஆம் ஆண்டில் வாஷிங்டன் மாநிலம் சட்டம் இயற்றியது. இணைப்பினால் வலிமை கூடும். ஆணையாளரை வீதியிற் கண்டு கேள்வி கேட்கும் அண்மை குறையும்.

மூன்றாவது, ஊரவரின் அசட்டை. நியூ யோர்க்கு மாநில வட்டாரங்களின் தெரிவு திசெம்பர் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, பொதுத் தேர்தலினின்றும் வேறாக நடைபெறுகின்றது. பலரின் பணத்தைக் கையாள்வோரை மிகச் சிலர் வந்து தெரிவு செய்தல் அங்கு வழக்கமாகிவிட்டது. வரியைப் பற்றி முறையிடுவோர் எல்லாரும் வாக்குச்சாவடிக்கு வருவதில்லை.

இக்குறைகளைக் கண்டு, விரும்பியவர் மட்டும் கட்டணம் செலுத்திக் காவல் பெறுதலே தக்கது என்று எண்ணுவார் உளர். அவ்வெண்ணம் அண்மைக் காலத்திலேயே சோதனைக்கு உட்பட்டது. தெனசி மாநிலத்து ஒபியன் கவுண்டியில் நாட்டுப்புற மக்களுக்குத் தீயணைப்பு வரி இருக்கவில்லை. அயலிலுள்ள சவுத்து புல்றன் நகரம் ஆண்டுக்கு எழுபத்தைந்து டொலர் சந்தாச் செலுத்துவோருக்குத் தன் எல்லைக்கு வெளியேயும் காவல் வழங்கியது. 2010ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திற் சந்தாச் செலுத்தாத ஒரு குடும்பத்தின் வீடு பற்றியபோது, தீயணைப்போர் சந்தா செலுத்தியிருந்த அயலவரின் நிலத்தை மட்டும் காத்து நின்றனர். அவ்வீடு சாம்பராயிற்று. நகரத்தின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை: எரியும்போது பணம் தரலாமென்றால் எரியாதபோது எவரும் தரமாட்டார். ஆயினும் பொறியும் ஆளும் தண்ணீரும் வாசலில் இருக்க வீடு எரிந்த காட்சி நாட்டின் மனச்சாட்சியை உறுத்தியது. அடுத்த ஆண்டிலும் அத்தகைய நிகழ்ச்சி நேர, 2012இல் அவ்விதி மாற்றப்பட்டது. அவுஸ்திரேலியாவின் விக்டோறியா மாநிலமும் வேறு வழியால் இதே முடிவை அடைந்தது. அங்கே தீயணைப்புச் செலவின் பெரும்பங்கைக் காப்புறுதி செய்தோரே சுமந்தனர். காப்புறுதி செய்யாதோர் இலவசமாகக் காவல் பெற்றனர். 2009ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்துக் காட்டுத்தீயில் 173 பேர் மாண்டபின் அமைந்த விசாரணைக்குழு இம்முறையை மாற்றுமாறு விதந்துரைக்க, 2013ஆம் ஆண்டு யூலை முதல் ஆதனங்கள் யாவற்றின்மீதும் வரி விதிக்கப்பட்டது.

முடிபு

கிராசசு என்னும் தனவந்தர் முதல் தெனசி மாநிலத்து நாட்டுப்புறம் வரை இவ்வரலாற்றை ஒருங்கு நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். தீயணைப்பை வாணிகப் பண்டமாக்கிய ஒவ்வொரு முறையும் ஏதோ ஓரிடத்தில் முறிந்திருக்கின்றது. பண்டம் வாங்குபவனோடு முடியும். தீயோ வாங்குபவனோடு முடிவதில்லை. மறுபுறம், அதனை அரசனின் கொடையாக்கிய முறையும் நிறைவானதன்று. கொடுத்தவன் விரும்பும்போது எடுக்கலாம், கூடவேண்டாமென்று விலக்கவும் செய்யலாம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது ஊரவர் தாமே தமக்கு விதித்துக்கொள்ளும் வரி. விரும்பாதவனும் அதனைச் செலுத்த வேண்டும் என்பதால் அது கடுமையாகத் தோன்றலாம். அக்கடுமையினாலேயே, செலுத்த இயலாதவனின் வீட்டு வாசலிலும் பொறி வந்து நிற்கின்றது.

தீயணைப்பு வட்டாரம் சிறிய அமைப்பு. அதன் ஆணையாளரின் பெயரை வரலாற்று நூல்கள் பொறிப்பதில்லை. ஆனால் தன் அயலவன் வீட்டுக் கூரைக்கும் தான் கடமைப்பட்டவன் என்பதை ஒரு குடிமகன் ஆண்டுதோறும் எண்ணிக் கொடுக்கும் பணத்தினாலும் இடும் வாக்கினாலும் ஒப்புக்கொள்ளுதல் சிறிய செயலன்று. அவ்வொப்புதல் தளரும் ஊரில் எத்துணைப் பொறிகள் இருப்பினும் காவல் இல்லை. அது நிலைத்த ஊரில் தோல் வாளியும் காவலாகும்.